மருந்தடித்த பூளைப்பூ

ஜனவரி 4

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், தயவு செய்து மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்துத்தான் ஆக வேண்டுமென்றால் படியுங்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒருவரிடமும் காட்டாதீர்கள். தலைவர் வீட்டுக்காரரிடம் காட்டவே காட்டாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

என் பெயர் மோனிஷா. ஒன்பதாம் வகுப்பு. அம்மாவும் அப்பாவும் தூங்கின பிறகு, போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே அறைதான். பேனா கீறுகிற சத்தம்கூடக் கேட்கும்.

எங்கள் ஊராட்சித் தேர்தலில் ஜெயித்தவர் விசாலாட்சியம்மா. ஆனால் ஊரே தலைவர் என்று கூப்பிடுவது அவர் வீட்டுக்காரர் குழந்தைசாமியை. நாற்காலியில் உட்காருவதும் அவர்தான். விசாலாட்சியம்மா கொடியேற்றுகிற நாட்களில் வந்து, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பால் கறக்க நேரமாச்சு என்று போய்விடுவார்.

என் அப்பா மாரப்பன் ஊராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறார். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் அவர்தான். இன்று காலை குழந்தைசாமி எங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

“மாரா, சுத்தமான ஊராட்சின்னு பரிசு குடுக்கறாங்க. பன்னெண்டாந் தேதி பாக்க வர்றாங்க. ரோட்டோரம், பள்ளிக்கூடம், சுடுகாடு, எங்கியும் ஒரு புல்லு நிக்கக் கூடாது.”

“அத்தனைக்கும் ஆளு வேணுங்களே.”

“ஆளு என்னத்துக்கு? களை மருந்து வாங்கி வெச்சிருக்கறன். அடிச்சு உடு. ஆனா வெளிய மூச்சு உடாத. கையில வெட்டுனாத்தான் மார்க்காம். யாரு கேட்டாலும் வெட்டுனோம்னு சொல்லு. ஊட்டுலயும் சொல்லி வையி.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தட்டு நழுவிவிட்டது. சொல்லக் கூடாததை எங்கேயாவது வைக்க வேண்டும் போல இருந்தது. அதனால்தான் இந்த நோட்டு.

ஜனவரி 5

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூட மைதானத்தில் அப்பா மருந்தடித்தார். யாராவது வந்தால் சொல்ல என்னை கேட்டில் நிறுத்தியிருந்தார்.

அப்பா மருந்தடிப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டினால், தீருகிறவரை இறக்கி வைக்க மாட்டார். ஒரு கை பம்ப்பை அடித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு கை குழாயை ஆட்டாமல் பிடித்திருக்கும். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு சிட்டிகை மண்ணை உதிர்த்துப் பார்ப்பார். ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போவார். எனக்குப் பெருமையாக இருந்தது. கைதட்டலாம் போல இருந்தது, ஆனால் நான் காவலுக்கு நிற்கிறேன்.

முகத்துக்குத் துண்டு கட்டச் சொன்னேன். மூச்சு முட்டுது கண்ணு என்றார்.

ராத்திரி அவர் சட்டையைத் தனி வாளியில் துவைத்தேன். கை அரித்தது. அம்மா கேட்டதற்கு வாஷிங் பவுடர் என்றேன்.

ஜனவரி 8

கணக்குப் பரீட்சை. சுமாராக எழுதினேன்.

அப்பா இருமுகிறார். பனி என்கிறார்.

ஜனவரி 11

பார்க்க வருகிறவர்கள் பொங்கல் கழித்துத்தான் வருவார்களாம். குழந்தைசாமிக்கு அது வசதியாகப் போய்விட்டது. “டைம் கெடைச்சுதல்லோ, ஓடைக்கரையையும் முடிச்சு உட்ரு. வெள்ள வெள்ளையா என்னமோ மொளச்சுக் கெடக்குது” என்றார்.

அவர் என்னமோ என்று சொன்னது பூளைப்பூவை.

எங்கள் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுவார்கள். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை எல்லாவற்றையும் ஒரு கொத்தாகச் சேர்த்து வாசல்படி மேலே செருகுவார்கள். மாடு, ஆடு கட்டுகிற கட்டுத்தரையிலும் கட்டுவார்கள். கட்டின காப்பை அவிழ்க்கக் கூடாது. அதுவாக உதிர வேண்டும். பூளையை யாரும் விதைப்பதில்லை, விலைக்கு விற்பதும் எங்கள் ஊரில் இல்லை. புறம்போக்கில் தானாக முளைக்கும், ஊரே போய்ப் பறித்துக்கொள்ளும்.

சாயங்காலம் ஓடைக்கரையில் நான்தான் மறுபடி காவல். பூளைமேல் குழாயை நீட்டின பிறகும் அப்பா கொஞ்ச நேரம் அடிக்காமல் நின்றார்.

“பொங்கல் நோம்பிக்குப் பூளைக்கு என்னப்பா பண்ணுவாங்க?”

“காட்டுப் பக்கம் போய்ப் பறிச்சுக்குவாங்க. இது ரெண்டு நாள்ல கருகிப் போயிரும் மோனி. கருகுனத யாரு தொடுவா? உங்கம்மாகிட்டச் சொல்லாத. சண்டைக்கு வருவா.”

பிறகு அடித்தார். இந்தத் தடவை நேராகப் போகவில்லை.

ஜனவரி 13

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எதிரில் எல்லோரும் பூளைக்கொத்தோடு வந்தார்கள். சைக்கிள் கேரியரில், தலைச்சுமையில், குழந்தைகள் கையில். எல்லாம் ஓடைக்கரையில் இருந்து. நானும் அப்பாவும் ஒன்றை யோசிக்கவே இல்லை. பூளை மற்றப் புல் மாதிரி இல்லை. உயிரோடு இருந்தாலும் செத்தாலும் பூ ஒரே வெள்ளை. இலை மட்டும் நுனியில் சுருண்டிருந்தது. அவசரத்தில் இலையை யார் பார்ப்பார்கள்?

எங்கள் வீட்டு வாசலிலும் அம்மா கட்டியிருந்தாள். நான் பையை எறிந்துவிட்டு மோட்டார் அறைக்கு ஓடினேன். ஊரே வீடு கழுவுகிற நாள் என்பதால் அப்பா காலையில் இருந்து அங்கேயே இருந்தார். சொன்னேன்.

“யாரு யாரு பறிச்சாங்க?”

“எல்லாரும்.”

அவர் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“சொல்லீடலாம்ப்பா.”

“சொன்னா நாளைக்கே வேல போயிரும்.”

“கட்டுத்தரையில கட்டறாங்கப்பா. ஆடு எட்டித் தின்னுச்சுன்னா?”

அவர் வால்வைத் திருகி மூடினார். நான் வினோதினி வீட்டுக்கு ஓடினேன். அவள் என் வகுப்பு. அவர்கள் வீட்டில் வெள்ளாடு இருக்கிறது. அவள் அப்பா நாச்சிமுத்து ஸ்டூல் மேல் ஏறிக் காப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“கட்டாதீங்க. மருந்தடிச்ச பூளை அது.”

“என்ன மருந்து?”

“களை மருந்து.”

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். “யாரு அடிச்சா?”

நான் அழவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது.

“யாரு அடிச்சான்னு கேக்கறன் புள்ள!”

“நாந்தானுங்.”

அப்பா. என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கினார்.

நாச்சிமுத்து திட்டினதை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். திட்டி முடிகிறவரை அப்பா நின்றார். பிறகு, “ஆட்ட அக்கட்டால புடிச்சுக் கட்டுங், நான் அவுத்தர்றன்” என்று ஸ்டூலில் ஏறினார்.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வாசலிலும் அப்பா அதே வார்த்தையைச் சொன்னார். “ஓடைக்கரையில மருந்தடிச்சது நாந்தானுங். காப்ப அவுத்தர்லாமுங்.” சில பேர் கதவைச் சாத்தினார்கள். மளிகைக் கடைக்காரர், “காப்புக் கட்டற அன்னைக்கு அவுக்க வந்த மொத ஆளு நீதான் மாரப்பா, உன்னைய ஃபோட்டோ எடுத்து மாட்டோணும்” என்று சொல்லிவிட்டு, தானே அவிழ்த்துக் கொடுத்தார். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

தலைவர் வீடு இருக்கிற மேற்குத் தெருவில் அப்பா வாசலைத் தாண்டி உள்ளே போய் நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை. இன்று எல்லார் கட்டுத்தரைக்குள்ளும் போனார். யாரும் நில்லு என்று சொல்லவில்லை. எல்லோரும் மாட்டைப் பிடிப்பதில் இருந்தார்கள்.

கடைசியில் தலைவர் வீடு. அங்கே மத்தியானமே கட்டிவிட்டார்கள். கட்டுத்தரையில் காப்புப் பாதிதான் இருந்தது. கன்றுக்குட்டி வாயெல்லாம் வெள்ளைப் பஞ்சு. விசாலாட்சியம்மா சத்தம் போடவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு, கன்றின் வாய்க்குள் கையை விட்டுப் பூளையை வழித்து வழித்து எடுத்தார். அப்பா தண்ணீர் ஊற்றினார்.

குழந்தைசாமி வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார். “வாயத் தொறக்காதன்னு சொன்னனல்லோ, மாரா?”

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அறைந்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள். எங்கள் வாசலில் இருந்த காப்பை அவளே அவிழ்த்துவிட்டாள்.

ஜனவரி 14

பொங்கல். விடியும் முன்னால் அப்பாவோடு கிளம்பினேன். எங்கள் ஊராட்சி எல்லைக்கல் வரை ரோட்டோரம் பழுப்பாகக் கிடந்தது. கல்லைத் தாண்டினதும் பச்சை. அங்கேதான் பூளை பறித்தோம். பக்கத்து ஊர்க்காரர்கள், “உங்கூருல பூளைகூட மொளைக்காதா?” என்று கிண்டல் செய்தார்கள். அப்பா, “மொளைச்சுதுங்” என்று மட்டும் சொன்னார்.

மருந்து டேங்க் மாட்டுகிற அதே முதுகில் பூளைக்கட்டைச் சுமந்து வந்தார். வீட்டுக்கு ஒரு கொத்து வைத்தோம். திட்டின வீட்டுக்கும், கதவைச் சாத்தின வீட்டுக்கும். சூரியன் மேலே வந்த பிறகுதான் ஊர் காப்புக் கட்டியது. பொங்கல் எப்போதும் போலத்தான் பொங்கியது.

இப்படி ஒரு அப்பா வினோதினிக்கு இல்லை. அவளிடம் சொல்ல முடியாது. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். தலைவர் வீட்டுக் கன்று எழவே இல்லையாம். கால்நடை டாக்டர் வந்திருக்கிறார். அப்பா சாப்பிடவில்லை.

ஜனவரி 17

கன்று எழுந்து நின்றுவிட்டது! அப்பாவிடம் சொன்னவர் விசாலாட்சியம்மாவே. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்து வந்து, “பால் குடிச்சிருச்சு மாரப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாராம். தலைவர் வீட்டில் இருந்து ஒருவர் அப்பாவை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்று அம்மா சொன்னாள்.

ஆனால் டீக்கடையில் வேறு பேச்சு. மாரப்பன் குடித்துவிட்டு, ஏதோ தோட்டத்து மருந்தை எடுத்து வந்து ஓடைக்கரையில் அடித்துவிட்டானாம். ஊராட்சிக்கு ஒன்றும் தெரியாதாம். அப்பா குடிக்க மாட்டார். ஊருக்கே தெரியும். ஆனாலும் பேசுகிறார்கள்.

ஜனவரி 22

குழந்தைசாமி வந்தார். இன்று வண்டியை விட்டு இறங்கினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“இருவத்தாறாந் தேதி கிராம சபை. பரிசுக்குப் பாக்கற ஆபீசரும் மேலிடத்துல இருந்து வர்றாரு. காப்புப் பேச்சு வந்தாலும் வரும். நான் கேப்பன், நீ தெரியாமப் பண்ணீட்டன், மருந்து என்னுதுன்னு சொல்லீரு. ஊரு மன்னிச்சு உட்ரும். வேலையில எப்பவும் போல இருந்துக்கலாம்.”

“இல்லீன்னா?”

கேட்டது அம்மா. அவர் அம்மாவைப் பார்க்காமல் அப்பாவிடமே சொன்னார். “இல்லீன்னா மோட்டார் ரூம்புச் சாவியக் கொண்டாந்து குடுத்துரு.”

அவர் போன பிறகு அப்பா சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பாடம் படிக்கிற மாதிரி நடித்தேன். புத்தகம் தலைகீழாக இருந்ததை அவர் கவனித்திருப்பாரோ?

ஜனவரி 25

அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருமல் சத்தம் மட்டும்.

ஜனவரி 26

எல்லாவற்றையும் மறக்கும் முன் எழுத வேண்டும். ஒரு வார்த்தை விடக் கூடாது.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் சபை. எங்களுக்குப் பேச உரிமை கிடையாது. பிள்ளைகள் பின்னால் நின்றோம். முன்னால் அதிகாரி, செயலர், விசாலாட்சியம்மா. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குழந்தைசாமி. தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்தார்கள். வேறு ஏதாவது உண்டா என்று செயலர் கேட்டார்.

அம்மா எழுந்தாள். என் அம்மா. நூறு நாள் வேலையில் பேர் கூப்பிட்டால் உள்ளேன் சொல்லவே வெட்கப்படுகிறவள்.

“ஏனுங், இனிமே ஊராட்சி எடத்துல களை மருந்து அடிக்கக் கூடாதுன்னு எழுதோணுமுங். பள்ளிக்கூடத்துலயும் அடிச்சாங்க. குழந்தைங்க உக்கார்ற எடமுங் அது.”

பள்ளிக்கூடத்திலுமா என்று பெண்கள் பக்கம் ஒரே சத்தம். குழந்தைசாமி சிரித்துக்கொண்டே எழுந்தார்.

“இரும்மணி, இரு. சார், ஊராட்சி மருந்தே வாங்கலீங்க. எல்லாம் கையில வெட்டுனது. இந்தப் புள்ளையோட ஊட்டுக்காரன் தெரியாம எங்கியோ இருந்த மருந்தக் கொண்டாந்து அடிச்சுப்போட்டான். பாவம், பொழைக்கறவன். மன்னிச்சு உட்டர்லாம். என்றா மாரா? நீயே சொல்லீரு.”

அப்பா எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. துண்டு தோளிலேயே இருந்தது.

“தப்பு என்னுதுதானுங். அடிச்ச கை இதுதானுங்.”

குழந்தைசாமி தலையை ஆட்டினார். அவ்வளவுதான், சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

“ஆனா மருந்து ஊராட்சியோடதுங். தலைவரு ஊட்டுக்காரரு வாங்கி வெச்சதுங். இன்னும் ரெண்டு கேன் மோட்டார் ரூம்புல இருக்குது. ஆபீசரு வந்தா நான் தெறந்து காட்டறனுங். இனி அடிக்கச் சொன்னாலும் அடிக்க மாட்டனுங்.”

யாரோ விசிலடித்தார்கள். நாச்சிமுத்து என்று நினைக்கிறேன்.

குழந்தைசாமி முகம் மாறிவிட்டது. “அடிக்க மாட்டயா? மருந்தில்லாம இத்தன ரோட்டையும் நீ ஒருத்தன் வெட்டிக் கிழிச்சிருவயா?”

“முடியாதுங்” என்றார் அப்பா. “நான் ஒருத்தனா முடியவே முடியாதுங். மருந்துன்னா ஒருத்தன் போதும். கையில வெட்டறதுன்னா ஊரு வரோணும்.”

“நூறு நாள் வேலையில எங்கள ஓடைக்கரைக்கு உடுங்க, நாங்க வெட்டறம்” என்று அம்மா கூடவே சொன்னாள். நாலைந்து பேர் ஆமாங் ஆமாங் என்றார்கள். ஒருத்தர், “பாம்பு வந்தா யாரு பொறுப்பு?” என்றார். இன்னொருத்தர், “மருந்தடிச்சா மட்டும் பாம்பு உன்றகிட்டச் சொல்லீட்டா போகுது?” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரிகூடச் சிரித்தார்.

“இதையெல்லாம் தீர்மானத்துல எழுதாதீங்க” என்று குழந்தைசாமி செயலரிடம் குனிந்து சொன்னது பின்னால் நின்ற எனக்கே கேட்டது. செயலர் பேனாவை மூடினார்.

“எழுதுங்க.”

விசாலாட்சியம்மா. அவர் குரலை மைக்கில் நான் கேட்டதே இல்லை. மைக்கை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“நீ சும்மா இரு” என்றார் குழந்தைசாமி.

“நீங்க உக்காருங்க. தலைவரு நானு.” மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “எழுதுங்க செயலரே. பள்ளிக்கூடம், ரோட்டோரம், ஓடைக்கரை, சுடுகாடு, ஊராட்சிக்குச் சொந்தமான எந்த எடத்துலயும் களை மருந்து அடிக்கறதில்ல. அடிச்சே ஆகோணும்னா சபையில கேட்டுட்டு, முன்னாடியே போர்டு வெச்சுட்டுத்தான் அடிக்கோணும். கை தூக்கறவங்க தூக்குங்க.”

கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் இல்லை. ஆனால் எழுந்த கைகள்தான் அதிகம். மேற்குத் தெருக்காரர்கள் கைகளும் எழுந்தன. செயலர் எண்ணி முடிக்கும் முன்பே விசாலாட்சியம்மா கையெழுத்துப் போட இடம் கேட்டார். யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை. அவரே தேடிப் போட்டார்.

நான் பின்னால் நின்று, எனக்கு ஓட்டு இல்லை என்று தெரிந்தும், கையைத் தூக்கினேன். வினோதினியும் தூக்கினாள்.

சபை கலையும்போது குழந்தைசாமி அப்பா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “பெரிய மனுசனாயிட்ட. ராத்திரிக்கி வர்றன். சாவிய எடுத்து வெய்யி.”

சாவி இப்போது சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. நாளைக்கு என்ன ஆகுமோ தெரியாது. அம்மா சோறு போட்டாள். அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எத்தனையோ நாளுக்கு அப்புறம். “சாவி கேட்டாக் குடுத்தர்லாம். மம்பட்டி நம்முளுது” என்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்தார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு வகுப்பில் யாராவது உங்கப்பா என்ன வேலை என்று கேட்டால், நான் எழுந்து நின்று சத்தமாக

கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடி தட்டுகிறார்கள், பலமாக. அப்பா தூங்கவே இல்லை போலிருக்கிறது. நிதானமாகச் சட்டையைப் போடுகிறார். பொத்தானெல்லாம் போடுகிறார்.

“மோனி” என்கிறார், என் போர்வையைப் பார்த்து. “எழுதுனது போதும் கண்ணு. எந்திரிச்சு லைட்டப் போடு. வந்தது யாரா இருந்தாலும் மூஞ்சியப் பாத்தே பேசலாம்.”

நான்